‘பார்க்கலாம்’ என்ற யாரும் பார்க்கவில்லை

தமிழில் மிக ஆபத்தான வார்த்தை எது என்று கேட்டால், கெட்ட வார்த்தை எதையும் நான் சொல்ல மாட்டேன். ‘பார்க்கலாம்’ என்பதைத்தான் சொல்வேன்.

கைமாற்று கேட்டு வந்தவனிடம் பார்க்கலாம் என்கிறோம். ஜாதகம் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே பதில்தான். ‘நெஞ்சு என்னமோ பண்ணுதுடா’ என்று அப்பா சொன்னால், ‘கேஸா இருக்கும்ப்பா, காலையில பார்க்கலாம்’ என்று திரும்பிப் படுத்துக்கொள்கிற ஆட்கள் நாம். இந்த வார்த்தையின் விசேஷம் என்னவென்றால், சொல்லி முடித்த பிறகு யாரும் பார்ப்பதில்லை.

போன வருஷம் செப்டம்பரில் இந்த ஒரு வார்த்தையால் ஓர் உயிர் போனது. சொன்னவன் நான். செத்தது ஒரு பூனை.

‘அடச்சே, பூனையா! நாட்டுல வேற பிரச்னையே இல்லையா?’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இருங்கள். உங்கள் வீட்டுக் கொல்லையிலோ அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கிலோ ஒரு பூனைக்கு மிச்சச் சோறு வைக்கிற பழக்கம் இருந்தால் இது உங்களுக்கும்தான். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் தாராளமாகப் புரட்டலாம்.

வேளாங்கண்ணியில் என் பெரியம்மா இருக்கிறார். கோயிலுக்குப் போகிற வழியில் மெழுகுவத்தி, மாலை, நேர்ச்சைக்கான கண், கை, கால் தகடுகள் விற்கிற சின்னக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஆகஸ்ட் 29 கொடி ஏறியதிலிருந்து செப்டம்பர் 8 வரை அந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. நான் கூட்டத்துக்குப் பயந்தவன், ஊர் காலியான பிறகுதான் போவேன். அப்போது கடற்கரை வறுவல் கடைகளில் பாதி மூடியிருக்கும். பத்து நாளாக மீன் தலை தின்று கொழுத்த பூனைகள், திடீரென்று வந்த பஞ்சத்தில் திகைத்துப்போய்த் திரியும்.

பெரியம்மா வீட்டுப் பூனையின் பெயர் துரை. மஞ்சள் கடுவன். நடையைப் பார்த்து வைத்த பெயர். கூப்பிட்டால் வர மாட்டான். வரத் தோன்றும்போது வருவான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். கொல்லையில் பூச்சு வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலுக்குப் போனான் துரை. குழி பறித்தான், குந்தினான், முக்கினான். எழுந்து பக்கத்திலேயே இன்னொரு குழி. கால் மணி கழித்து மறுபடி. மதியத்துக்குள் ஏழெட்டுத் தடவை இப்படி. நடுநடுவே உட்கார்ந்து அடிவயிற்றுக்குக் கீழே நக்கிக்கொண்டே இருந்தான். வைத்த மத்தி மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

‘வெளிக்குப் போக முடியல, பாவம். முள்ளு அடைச்சிருக்கும்’ என்றார் பெரியம்மா. பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெயோடு வந்தார். ரெண்டு பேர் பிடிக்க, ஒருத்தர் வாயைப் பிளக்க, கொஞ்சம் உள்ளே போனது. மிச்சம் என் சட்டையில். துரை என் கையைக் கீறிவிட்டு ஓடினான். சாயங்காலம் வாந்தி எடுத்தான், வெறும் நுரை. ‘பாத்தீங்களா, எண்ணெ வேலை செய்யுது’ என்றார் அக்கா. நாங்களும் நம்பினோம். பெரியம்மா கோயில் எண்ணெயைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்தார்.

நாகப்பட்டினம் 12 கிலோமீட்டர்தான். கையில் செல்போன் இருந்தது, பையில் பணம் இருந்தது, நாள் முழுக்க வேலைவெட்டி இல்லாமல் திண்ணையில் ஒரு பத்திரிகைக்காரனும் இருந்தான். ‘டாக்டருகிட்ட காட்டலாமா தம்பி?’ என்று பெரியம்மா கேட்டபோது மணி ஏழு.

‘காலையில பார்க்கலாம் பெரியம்மா.’

காலையில் துரை வாழைமரத்தடியில் விறைத்துக் கிடந்தான்.

சென்னைக்குத் திரும்பியதும் எனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மலச்சிக்கலுக்கு ஒரே ராத்திரியில் பூனை செத்துப்போகுமா என்பது என் சந்தேகம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

‘அந்த மணல் நனைஞ்சிருந்ததா?’

எனக்குத் தெரியவில்லை. மணல் குவியலுக்கு எதிரே ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குனிந்து அந்தக் குழிகளில் ஒன்றைப் பார்க்கவில்லை.

துரைக்கு வந்தது வயிற்றுக் கோளாறே இல்லை. அவனுக்கு அடைத்தது மூத்திரம். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் முனையில் மிகவும் குறுகலானது. மணல் மாதிரிப் பொடி உப்புக் கற்களும் சளி போன்ற பசையும் சேர்ந்து அதை மூடிவிடும். பூனை குந்தும், முக்கும். பார்க்கிறவருக்கு அச்சு அசல் மலச்சிக்கல் மாதிரியே இருக்கும். உள்ளே மூத்திரப்பை கல் மாதிரி ஆகி, வெளியேற வேண்டிய கழிவெல்லாம் ரத்தத்தில் ஏறும். பொட்டாசியம் ஏறும். கடைசியில் இதயம் நின்றுபோகும். முழுசாக அடைத்த பூனைக்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள்தான் கெடு. துரைக்கு அநேகமாக முந்தின நாளே அடைப்பு தொடங்கியிருக்கும். வாந்தி எண்ணெயின் வேலை இல்லை, விஷம் ஏறியதன் அடையாளம். நேரத்தோடு போயிருந்தால் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி அடைப்பை எடுத்திருப்பார்கள். உலகம் முழுக்கத் தினமும் நடக்கிற சிகிச்சைதான்.

ஆகவே முதல் விஷயம், முடிந்தால் இதைக் கத்தரித்துச் சமையலறையில் ஒட்டுங்கள்: ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்துகிறது, கீழே ஈரம் இல்லை என்றால் ராத்திரி பத்து மணியானாலும் கிளம்புங்கள்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

‘பூனை மிருகம் சார். அதுவே புல்லைத் தின்னு, வாந்தி எடுத்து சரிபண்ணிக்கும். மனுஷனுக்குத்தான் ஆஸ்பத்திரி.’ இதை என்னிடம் சொல்லாத ஆளே இல்லை. இதில் பாதி உண்மை, அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் என்றைக்கோ செத்திருக்கும். பூனை தன் முடியை நக்கி விழுங்குகிறது. அந்த முடி உருண்டை எப்போதாவது வாந்தியில் வரும். கக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் அதற்கு டாக்டர் வேண்டாம். புல் தின்று ஒரு தடவை வாந்தி, கண்டதைத் தின்று ஒரு தடவை இளக்கமாகப் போனது, ஆனால் விளையாடுகிறது, சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் ஒரு நாள் பொறுக்கலாம். டாக்டர்களே அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் பொறுப்பது என்றால் கவனிப்பது. எத்தனை தடவை வாந்தி, என்ன நிறம், கடைசியாக எப்போது சாப்பிட்டது, மூத்திரம் போனதா, இதெல்லாம் தெரிந்திருந்தால்தான் அது பொறுமை. இல்லாவிட்டால் வெறும் சோம்பேறித்தனம். நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதாமல் ‘லாபம் இருக்கும்னு நெனைக்கிறேன்’ என்று சொல்கிற முதலாளியை எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் வகுப்பை விட்டே துரத்தியிருப்பார்.

பூனை சொல்லாது. வலித்தால் நாய் ஊரைக் கூட்டும், மாடு கத்தும். பூனை வேட்டையாடுகிற மிருகம், அதே சமயம் தன்னைவிடப் பெரியதற்கு இரையும்கூட. வலியை வெளியே காட்டினால் தனக்கு ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆகவே கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்ளும், பரணில் ஏறிச் சுருண்டுகொள்ளும். நாம் ‘தூங்குது’ என்போம். வழக்கமான இடத்தை விட்டுவிட்டுப் புது இடத்தில் ஒளிகிற பூனை, தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திய பூனை, இவையெல்லாம் கத்திக்கொண்டிருக்கிற பூனைகள்தான்.

ஒரே நாளில் நாலைந்து வாந்தி, குடித்த தண்ணீரும் தங்கவில்லை என்றால் அன்றைக்கே போகவேண்டும். வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், அல்லது தார் மாதிரிக் கறுப்பு மலம் என்றாலும் அன்றைக்கேதான். பேதி ரெண்டு நாளைத் தாண்டினாலோ, ரெண்டு நாளாக மலமே போகாவிட்டாலோ போகவேண்டும். ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கவேண்டும். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் விஷயம் பெரிது. பிடரித் தோலை ரெண்டு விரலால் தூக்கிவிட்டால் சட்டென்று படியவேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்புறம், ஒரு முழு நாள் எதையுமே தொடாத பூனை விரதம் இருக்கவில்லை. ரெண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். முதலில் வந்த நோயை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

குட்டிகளுக்கு இந்தக் கெடுவெல்லாம் கிடையாது. தடுப்பூசி போடாத குட்டி சுருண்டு படுத்து, வாந்தியும் பேதியுமாக இருந்தால் பான்லூகோபீனியா என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். ஒரே ஈற்றுக் குட்டிகளை வரிசையாகக் கொண்டுபோகும். குட்டிக்குச் சில மணி நேரம்தான் கணக்கு. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கிப் போடுகிற தடுப்பூசி இதற்கு இருக்கிறது என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, பூனைக்கு வயிறு கெட்டதும் நாம் முதலில் செய்வது என்ன? பால் ஊற்றுகிறோம்! வேளாங்கண்ணி பால் பொங்கிய ஊர். பால் கொண்டுபோன சிறுவனிடம் மாதா தன் குழந்தைக்குப் பால் கேட்டதும், அவன் கொடுத்த பிறகு குடம் நிரம்பி வழிந்ததும்தான் அந்தத் தலத்தின் முதல் கதை. அந்த ஊரில் பூனைக்குப் பால் வேண்டாம் என்று சொன்னால் என்னைப் பாவி மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. பாலே பேதியைக் கிளப்பும். பேதியாகிற பூனைக்குப் பால் ஊற்றுவது எரிகிற கூரைக்கு விசிறி போடுகிற வேலை. தெனாலிராமன் கதையில் வருகிற அந்தப் பூனை, பாலைக் கண்டாலே ஓடுமே, நாட்டிலேயே ஆரோக்கியமான பூனை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வறுத்த மீனும் அப்படித்தான். சுற்றுலா போகிற நீங்கள் பாசத்தோடு தூக்கிப் போடுகிற அந்தத் தலையில் உப்பு, மிளகாய், பூண்டு விழுது எல்லாம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதென்றால் மசாலா படாத வெந்த மீனை முள் எடுத்துப் போடுங்கள்.

நூல் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வேளாங்கண்ணி நூலால் ஆன ஊர். வேண்டுதலுக்குக் கட்டுகிற கயிறு, மாலை தொடுத்த நூல், கரையில் கிழிந்து கிடக்கிற வலை, நைலான் தூண்டில் இழை. மீன் வாசனை ஒட்டிய எந்த இழையையும் பூனை விழுங்கும். அதன் நாக்கில் முள் முள்ளாக இருப்பதால் வாய்க்குள் போனதைத் துப்பவும் முடியாது. ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, குடல் அப்படிச் சுருங்கும். நூல் இறுகி குடலையே அறுக்கும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்காது, இழுக்கத்தான் போகும். இழுக்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். டெல்டாவில் இன்னொரு ஆபத்து, எலி மருந்து தின்ற எலி. அதைத் தின்ற பூனை வாந்தி எடுத்தால் வீட்டு வைத்தியத்துக்கே இடமில்லை.

அடுத்து மெடிக்கல் ஷாப். ‘அண்ணே, பூனைக்கு வயித்தால போகுது, ஏதாவது குடுங்க’ என்று கேட்பவரும், கேட்டதும் எடுத்துக் கொடுப்பவரும் நம் ஊரில் உண்டு. உடம்பு சுட்டால் அரைக் காய்ச்சல் மாத்திரை. 500 மில்லிகிராம் பாராசிட்டமாலில் பாதி, நாலு கிலோ பூனையைக் கொல்லப் போதும். நம் கல்லீரல் அந்த மருந்தை உடைத்து வெளியே அனுப்புகிற வழி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட கிடையாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானே என்பார்கள். பூனை குட்டி மனுஷன் இல்லை. எண்ணெயும் அப்படித்தான். வாயைப் பிளந்து ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போய்விடும். துரைக்கு நாங்கள் ஊற்றியது எங்கே போனதோ.

இவ்வளவும் தெரிந்தாலும் பலர் போக மாட்டார்கள். காரணம் பணம் என்பார்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆட்டோ, டாக்டர் பீஸ், ஊசி என்று சேர்த்தால் கடலோரத்தில் தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு அது ஒரு நாள் சம்பளம். அதனால்தான் எப்போது போகவேண்டாம் என்பதையும் மேலே எழுதினேன். ஒவ்வொரு வாந்திக்கும் ஏ.சி. கிளினிக்குக்கு ஓடுகிற நகரத்து அம்மணிகளையும் நான் பார்த்திருக்கிறேன், அது வேறு வியாதி. முடி உருண்டைக்குச் செலவழிக்காமல் விட்ட காசு மூத்திர அடைப்புக்கு மிஞ்சும்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெட்கம். மாடும் ஆடும் நிற்கிற வரிசையில் மஞ்சப்பைக்குள் பூனையை வைத்துக்கொண்டு நிற்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. யாராவது சிரிப்பார்களோ என்று இருக்கிறது. அன்று ராத்திரி ஏழு மணிக்கு என்னைத் தடுத்தது 12 கிலோமீட்டர் தூரமோ பணமோ இல்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினால் அவர் என்ன நினைப்பார் என்பதுதான். இத்தனைக்கும் கால்நடை மருத்துவப் படிப்பில் பூனையும் உண்டு. ஒரத்தநாட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இந்த வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? அரசாங்கத்திலிருந்தும்தான் வந்தது. ‘கால்நடை’ என்கிற பெயரைப் பாருங்கள். பூனையும் காலால்தான் நடக்கிறது, ஆனால் அந்த வார்த்தைக்குள் அது இல்லை. 2019-ல் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பு நடந்தது. அதன் பட்டியலில் மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, கழுதை, ஒட்டகம் எல்லாம் உண்டு. இமயமலை யாக் உண்டு. நாய் உண்டு, முயல் உண்டு, யானைகூட உண்டு. பூனை இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கணக்கெடுப்பின் பட்டியலிலும் இல்லை. 1919-ல் வெள்ளைக்காரன் தொடங்கி வைத்த கணக்கு இது. நூறு வருஷம் தாண்டியும் இந்த நாட்டில் எத்தனை பூனை என்று அரசாங்கத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எண்ணாததற்குத் திட்டம் ஏது, மருந்து ஏது?

என் பாஷையில் சொன்னால், பூனை வரவிலும் இல்லை, பற்றிலும் இல்லை. பால் தராது, கறி தராது, ஏர் உழாது. ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் பத்தாயம் வைத்திருந்த வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். எலி தின்றால் அது நஷ்டக் கணக்கில் தெரியும். பூனை இருந்ததால் எலி தின்னாத நெல் எந்தக் கணக்கிலும் தெரியாது. திருட்டே நடக்காத கடையில் வாட்ச்மேன் சம்பளம் தண்டம் என்று நினைக்கிற முதலாளி போலத்தான் நாம் அதை நடத்தியிருக்கிறோம்.

ஏழை வீட்டுப் பூனைக்கெல்லாம் வைத்தியமா என்று கேட்பவர்களுக்கு லண்டனைச் சொல்கிறேன். 1917, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மனுஷனுக்கே சாப்பாடு தட்டுப்பாடு. அப்போது மரியா டிக்கின் என்கிற பெண்மணி, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒயிட்சேப்பல் பகுதியில், ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவம் தொடங்கினார். கழுதை வந்தது, நாய் வந்தது, பூனையும் வந்தது. நூறு வருஷம் கடந்து பி.டி.எஸ்.ஏ. என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. சென்னையில் 1959-ல் கேப்டன் சுந்தரம் ப்ளூ கிராஸைத் தொடங்கியதும் அப்படி ஒரு தனி மனிதரின் காரியம்தான். நாகப்பட்டினம் மாதிரி ஊர்களுக்கு அப்படி ஒருவர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசு கால்நடை மருந்தகங்களில் வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம் நாய் பூனைகளுக்கென்று ஒதுக்கி, வாசலில் ஒரு போர்டு எழுதி வைத்தால் போதும். பாதி வெட்கம் அந்தப் போர்டிலேயே போய்விடும். அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக அடித்தால் மீதியும் போகும்.

இப்போதைக்கு இருப்பது 1962. கால்நடை ஆம்புலன்ஸுக்கான போன் எண். மாட்டையும் ஆட்டையும் மனதில் வைத்துப் போட்ட எண்தான், ஆனாலும் அருகில் எந்த டாக்டர் இருக்கிறார் என்று கேட்பதில் தப்பில்லை. வேளாங்கண்ணிக்காரர்களுக்கு இது மறக்காது. அவர்கள் ஆலயத்துக்குப் போப் இருபத்து மூன்றாம் ஜான் பசிலிக்கா அந்தஸ்து கொடுத்த வருஷம் அது. பெரியம்மா அப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொன்னால் கோயில் ஊரில் போய்ப் பகுத்தறிவு பேசுகிறாயா என்று கேட்கிறார் ஒரு நண்பர். இல்லை. துரையின் நெற்றியில் எண்ணெய் வைத்ததில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆரோக்கிய மாதாவிடம் வருகிறவர்களைக் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பல பேர் கையில் மெழுகுவத்தி இருக்கிறது, அக்குளில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது. எண்ணெயை வைத்துவிட்டு நாங்களும் ஆட்டோ பிடித்திருக்கலாம்.

பெரியம்மா இப்போது ஒரு குட்டி வளர்க்கிறார். அதுவும் மஞ்சள். துரை மகன்தான் என்று சாதிக்கிறார், இருக்கலாம். போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு போன் வந்தது.

‘தம்பி, காலையிலேருந்து மூணு வாந்தி. தண்ணிப் பேதி ரெண்டு தடவை. பாலே குடுக்கல. ஈறு வெளுத்திருக்கு. தோலைத் தூக்குனா அப்படியே நிக்குது.’

என் வாயில் முதலில் வந்த வார்த்தை எது என்று உங்களுக்கே தெரியும். நல்லவேளை, முழுசாகச் சொல்ல அவர் விடவில்லை.

‘உன்னய கேக்க போன் பண்ணல. ஆட்டோவுல இருக்கேன். டாக்டரு வீட்ல இருக்கேன்னு சொல்லிட்டாரு.’

குட்டிக்கு ராத்திரியே ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். நாலு நாள் தொடர்ந்து தூக்கிக்கொண்டு போனார் பெரியம்மா, கடையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு. ஐந்தாம் நாள் குட்டி தானாக எழுந்து கொஞ்சம் மீன் தின்றதாம். மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன், பி.காம். புத்தி.

‘ஆட்டோவுக்கு மட்டும் நீ அனுப்பிடு’ என்றார்.

அனுப்பிவிட்டேன்.